கேமராவுக்குப் பின்னால்

யீஷூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
இரவெல்லாம் திறந்திருக்கும் சுயசேவைச் சலவைக் கடை.
அதைத்தான் செய்திருக்கிறேன், எட்டு வாரமாக.
ஏழு துவைக்கும் இயந்திரம், நான்கு உலர்த்தி,
சோப்புத்தூள் விற்கும் பெட்டி,
அதன்மேல் 'பழுது' என்று நான்கு மொழியில் ஒரு தாள்.
தமிழில் மட்டும் எழுத்துப்பிழை.
திருத்தவில்லை. திருத்தினால்
யாரும் நம்பமாட்டார்கள்.

செய்து முடித்தாயிற்று.
காட்டுவது வேறு வேலை என்று
முடித்த பிறகுதான் தெரிகிறது.

ஹுவி ஷான் திரையை எட்டிப் பார்த்து
'முதலில் அந்தப் பீப்பாயைத் தூக்கு' என்றாள்.
பதினொரு பலகை, இரண்டு இரும்புப் பட்டை,
நான் செய்த முதல் பொருள்.
ஒரு மாதம் அதற்குள்தான் குடியிருந்தேன்.
தூக்கினேன்.
வாள் போயிற்று, பாறை போயிற்று,
நீல நிறத்தில் ஒளிர்ந்த காளானும் போயிற்று.
மிச்சம் இந்த ஒரே அறை.

முப்பத்தெட்டுக் கோணம் எடுத்துப் பார்த்தேன்.
கூரையிலிருந்து எடுத்தால் திருட்டுக் கேமரா போலிருந்தது.
நின்று பார்த்தால் விளம்பரம்.
இறக்கி இறக்கி, தரையிலிருந்து
ஒரு மீட்டரும் கொஞ்சமும் வந்தபோது
அறை தானே மூச்சு விட்டது.
ஏன் அந்த உயரம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் படத்தை நகமளவு சுருக்கினேன்.
அப்போதும் தெரிந்தது
மூன்றாம் இயந்திரத்தின் ஆரஞ்சுப் புள்ளி.
அதுவே முதல் படம்.
அடுத்தது, தரையில் தனியாகக் கிடக்கும் காலுறை.
கடைசியில் தோலை உரித்து
வெறும் கம்பிக்கோடாய் நிற்கும் அதே அறை.
மூலையிலுள்ள சிவப்பு வாளி மட்டும் கடையில் வாங்கியது;
என்னுடையது அல்ல என்று கீழே எழுதினேன்.
அந்த ஒரு வரி எழுத
வாளியைச் செய்வதைவிட நேரமானது.

ஒன் நார்த். ஒன்பதாவது மாடி.
உலர்த்தி எதையும் காயவைக்காத குளிர்.
ஃபிர்தவுஸ் என்பவர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார்,
கோப்பி ஆறுவதற்குள் முடித்துவிடும் வேகம்.
காலுறையில் நின்றார்.
'கோப்பைத் திறக்கலாமா?'
எலியைப் பிடித்து
கேமராவை மெல்லப் பின்பக்கம் திருப்பினார்.

சாம்பல்.
சுவரில்லை, தரை பாதியில் அறுந்திருந்தது.
'இங்கே என்ன இருக்கும்?'
'படத்தில் வராது, அதனால்...'
'சரிதான்' என்றார். 'வராததை யாரும் செய்வதில்லை.'
கோப்பியைக் குடித்துவிட்டு
பிறகு தகவல் அனுப்புவதாகச் சொன்னார்.

அன்றிரவு உண்மையிலேயே அழுக்குத் துணி இருந்தது.
ஐந்தாம் இயந்திரத்தில் ஆறு வெள்ளியைப் போட்டுவிட்டு
வழக்கம்போல் உட்கார்ந்தேன்.
நிமிர்ந்தால்
எதிரே என் முதல் படம்.
ஓரம் பிசகாமல், ஆரஞ்சுப் புள்ளி உட்பட.

தரையில் ஆணியடித்த நீல பெஞ்சு.
நான்கு இருக்கை, ஒன்றில் விரிசல்.
எட்டு வாரமும் இதன்மேல் உட்கார்ந்துதான்
இந்த அறையை அளந்திருக்கிறேன்.
உட்கார்ந்திருந்த ஒரே காரணத்தால்
இதைப் பார்க்கவில்லை.

பூட்ஸ் அணிந்த ஒருவர்
விரிசல் இருக்கையைக் காட்டி
'ஆள் இருக்கா?' என்றார்.
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெஞ்சைச் செய்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு முக்கோணம், விரிசலும் சேர்த்து.
கேமராவுக்குப் பின்னால் வைத்தேன்,
எந்தப் படத்திலும் வராத இடத்தில்.
சும்மாதான். எனக்குத் தெரிந்தால் போதும் என்று.

மறுபடி வெளிச்சம் கணக்கிட்டு முடிய
விடியற்காலை ஆகிவிட்டது.
முதல் படத்தைத் திறந்தேன்.
ஏழு வட்டக் கண்ணாடிக் கதவு.
ஏழிலும்
வளைந்து, மங்கி,
சொட்டு நீலம் போல் ஒரு கீற்று.

பழைய படத்தை எடுத்துவிட்டு
இதைப் போட்டேன்.
கீழே எதுவும் எழுதவில்லை.